போதைப்பொருள் வழக்கும் நாடுகடத்தலும்: போனில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நான் வழக்கறிஞர் இல்லை. அமெரிக்கக் குடிவரவு வழக்குகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். "அக்கா, ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரம் போய்விடும். கேட்பவர் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். வழக்கறிஞர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

1. "கேஸ் நடந்தது ஸ்டேட் கோர்ட்ல. இமிக்ரேஷன் ஃபெடரல் விஷயம். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

குற்றத்தை விசாரித்துத் தண்டிப்பது மாநிலம். அந்தத் தண்டனையைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் இந்த நாட்டில் இருக்கலாமா என்று பார்ப்பது மத்திய அரசின் குடிவரவுச் சட்டம். போதைப்பொருள் தொடர்பான எந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டாலும் ஒருவரை நாடுகடத்தலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. மாநிலச் சட்டம், மத்தியச் சட்டம், வெளிநாட்டுச் சட்டம் எல்லாமே அதில் அடங்கும். ஒரு மாத்திரையா ஒரு மூட்டையா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. க்ரீன் கார்டு வைத்திருப்பவர், மாணவர், எச்-1பி ஊழியர் என்ற பேதமும் இல்லை. ஒரே ஒரு விதிவிலக்குதான், அது 4-ஆம் கேள்வியில்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. "போதைப்பொருள்" என்றால் எது என்பதை முடிவு செய்வது மத்திய அரசின் பட்டியல். 1970-இல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டத்தின் ஐந்து அட்டவணைகள். மாநிலங்கள் தங்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. பல வழக்குகளில் ஆளைக் காப்பாற்றியது இந்த வித்தியாசம்தான்.

2. "ஜெயிலுக்கே போகலைங்க. ஃபைன் கட்டினேன், ஆறு மாசம் ப்ரொபேஷன், அப்புறம் கேஸ் தள்ளுபடி. இதுவும் கன்விக்‌ஷனா?"

பெரும்பாலும் ஆம். என்னிடம் வரும் அழைப்புகளில் பாதி இந்தக் கேள்விதான் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் "தண்டனை" (கன்விக்‌ஷன்) என்ற சொல்லுக்குக் குடிவரவுச் சட்டத்துக்கென்றே ஒரு தனி அர்த்தம் எழுதியது. முறையான தீர்ப்பு இல்லாவிட்டாலும் இரண்டு விஷயம் சேர்ந்தால் போதும். ஒன்று, நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது எதிர்க்கப்போவதில்லை என்று சொல்லியிருக்க வேண்டும், அல்லது குற்றத்தை நிறுவும் அளவு உண்மைகளை ஏற்றிருக்க வேண்டும். இரண்டு, நீதிபதி உங்கள் சுதந்திரத்தின் மீது ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருக்க வேண்டும். அபராதம், ப்ரொபேஷன் (சிறைக்குப் பதில் நிபந்தனையோடு கண்காணிப்பில் வைப்பது), சமூகப்பணி, கட்டாய வகுப்பு எல்லாம் இதில் சேரும். தீர்ப்பு சொல்லாமல் தள்ளிவைப்பதை டெக்சாஸில் "டெஃபர்டு அட்ஜுடிகேஷன்" என்பார்கள், ஃப்ளோரிடாவில் "வித்ஹோல்ட்" என்பார்கள். மாநிலச் சட்டப்படி நீங்கள் தண்டிக்கப்படாதவர். குடிவரவு நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்.

தப்புவது எது? குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, உண்மைகளை ஏற்காமலே சேரும் டைவர்ஷன் திட்டம், அதாவது வழக்கைத் தண்டனைக்குப் பதில் வகுப்பு, சிகிச்சை பக்கம் திருப்பிவிடுவது. கலிஃபோர்னியா 2018 ஜனவரி முதல் தன் போதைப்பொருள் டைவர்ஷனை இப்படி மாற்றியமைத்ததற்குக் காரணமே குடிவரவுப் பிரச்சினைதான். அதற்கு முன்னால் அங்கும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே "டைவர்ஷன் கிடைச்சுது" என்று ஒருவர் சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: நீதிபதி முன்னால் என்ன சொன்னீர்கள்?

நிறுத்திவைத்த சிறைத் தண்டனையும் முழுத் தண்டனையாகவே எண்ணப்படும். ஒரு வருடம் விதித்து முழுவதையும் நிறுத்திவைத்தாலும் கணக்கில் அது ஒரு வருடம்தான்.

3. "எங்க ஸ்டேட்ல கஞ்சா லீகல். கடையில பில் போட்டு வாங்கறோம். அதுல என்ன தப்பு?"

மாநிலச் சட்டப்படி தப்பில்லை. மத்தியப் பட்டியலில் கஞ்சா இன்னும் இருக்கிறது. அதை ஒரு அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்கு இறக்கும் பேச்சு அடிபடுகிறது. மூன்றாம் அட்டவணைக்கு இறக்கினாலும் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள் என்பது மாறாது.

இதில் பலருக்குத் தெரியாதது: நாட்டுக்குள் நுழையும் தகுதியைப் பார்க்கும்போது தண்டனையே தேவையில்லை, குற்றத்தின் கூறுகளை நீங்களே ஒப்புக்கொண்டாலும் போதும். விமான நிலையத்தில், விசா நேர்காணலில், குடியுரிமை நேர்காணலில் "ஒரு தடவை ட்ரை பண்ணேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வது ஆபத்து. பொய்யும் சொல்லக் கூடாது, அது தனிக் குற்றம். வழக்கறிஞரைக் கேட்காமல் பதில் சொல்ல விரும்பவில்லை என்று சொல்லலாம். கஞ்சாக் கடையில் கணக்கு எழுதும் வேலை பார்த்தாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் சிக்கல் வரும். 2019 ஏப்ரலில் குடியுரிமைத் துறை இதை எழுத்திலேயே அறிவித்தது.

4. "முப்பது கிராமுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?"

பாதி உண்மை. சொந்த உபயோகத்துக்காக 30 கிராமோ அதற்குக் குறைவாகவோ கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு குற்றம் என்றால், நாடுகடத்தும் பிரிவு பொருந்தாது. 30 கிராம் என்பது ஓர் அவுன்ஸைவிடக் கொஞ்சம் அதிகம். கொக்கெய்ன், மெத், மருத்துவர் சீட்டில்லாத மாத்திரை எதற்கும் இந்தச் சலுகை கிடையாது. விற்பனைக்கும் கிடையாது. ஒரே சம்பவத்தில் கஞ்சாவோடு அதைப் புகைக்கும் குழாயும் பிடிபட்டு இரண்டு குற்றச்சாட்டு வந்தால்? 2012-இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் அதையும் ஒரே குற்றமாக எடுத்துக்கொண்டது.

வாட்ஸ்அப்பில் வராத மீதிப் பாதி: இந்த விதிவிலக்கு நாட்டுக்குள் இருப்பவரை வெளியேற்றும் பிரிவுக்கு மட்டும். உள்ளே நுழையும் தகுதிக்கான பிரிவில் அது இல்லை. அங்கே இருப்பது ஒரு மன்னிப்பு விண்ணப்பம். நெருங்கிய உறவினருக்குக் கடும் துன்பம் வரும் என்று காட்டி, அல்லது வேறு சில நிபந்தனைகளைப் பூர்த்தி செய்து கேட்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். 30 கிராமைத் தாண்டினால் அந்த மன்னிப்பைக் கேட்கவே முடியாது.

5. "நோட்டீஸ் வந்துட்டா உடனே பிளேன் ஏத்திடுவாங்களா?"

க்ரீன் கார்டு உள்ளவரை அப்படிச் செய்ய முடியாது. விசாரணைக்கு இரண்டு படி உண்டு. முதல் படியில், இவரை நாடுகடத்தலாம் என்று அரசு தெளிவான ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால் இரண்டாம் படி: "சரி, ஆனாலும் என்னை இருக்கவிடுங்கள்" என்று நீங்கள் கேட்பது. இதைத்தான் நிவாரணம் என்கிறார்கள். இங்கே நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். இந்த இரண்டு படியையும் மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், 10-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

க்ரீன் கார்டு இல்லாதவர், 7-ஆம் கேள்வியில் சொல்லும் வகைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் என்றால் நிலைமை வேறு. நீதிபதியையே பார்க்காமல் அதிகாரியின் உத்தரவிலேயே அனுப்பிவிட வழி இருக்கிறது. போதைப்பொருள் தண்டனை பெற்ற பெரும்பாலோருக்கு வழக்கு நடக்கும்போது ஜாமீனும் கிடையாது. அரசு செலவில் வழக்கறிஞரும் கிடையாது. நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

6. "பன்னிரண்டு வருஷமா க்ரீன் கார்டு. ஒரே ஒரு கொக்கெய்ன் கேஸ், வச்சிருந்ததுக்கு. எனக்கு என்ன வழி?"

உங்களுக்கான கதவின் பெயர் "கேன்சலேஷன் ஆஃப் ரிமூவல்", அதாவது நாடுகடத்தலை ரத்து செய்வது. மூன்று நிபந்தனை. க்ரீன் கார்டு கிடைத்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். ஏதாவது ஒரு முறையான விசாவில் உள்ளே வந்த நாளிலிருந்து 7 வருடம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். "அக்ரவேட்டட் ஃபெலனி" எனப்படும் வகைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டிருக்கக் கூடாது.

அந்த 7 வருடக் கணக்கில்தான் ஆட்கள் விழுகிறார்கள். குற்றம் நடந்த நாளிலேயே கடிகாரம் நின்றுவிடும். பிடிபட்ட நாளோ தீர்ப்பு வந்த நாளோ இல்லை. 2010 ஜூனில் மாணவர் விசாவில் வந்தவர் 2016 டிசம்பரில் கொக்கெய்னோடு பிடிபட்டால், அவர் கணக்கு ஆறரை வருடம். அதற்குப் பிறகு இருபது வருடம் ஒழுங்காக இருந்தாலும் அந்த ஆறரை ஏழாகாது. 2020-இல் பார்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கியது: அரசு நாடுகடத்தலுக்குக் காரணமாகக் காட்டாத பழைய குற்றம்கூட கடிகாரத்தை நிறுத்தும். தீர்ப்பு 5-4.

நிபந்தனைகள் பொருந்தினால் மட்டும் கிடைத்துவிடாது. நீதிபதி எடை போடுவார். குடும்பம், வேலை, வரி கட்டியது, எத்தனை வருடம் இங்கே, திருந்தியதற்கான சான்று எல்லாம் ஒரு தட்டில். குற்றம் மறு தட்டில். சிகிச்சை மையத்தின் கடிதம், பிள்ளையின் பள்ளி ஆசிரியர் எழுதிய நாலு வரி போன்றவற்றுக்கு இங்கே மதிப்புண்டு. வாழ்நாளில் ஒரு முறைதான் இந்தச் சலுகை.

7. "அக்ரவேட்டட் ஃபெலனின்னா பெரிய கடத்தல்காரங்களுக்குத்தானே? என்னோடது மிஸ்டிமீனர்."

ஃபெலனி என்றால் பெரிய குற்றம், மிஸ்டிமீனர் என்றால் சிறிய குற்றம். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. கடுமையாகவும் இருக்க வேண்டாம், மாநிலத்தில் ஃபெலனியாகவும் இருக்க வேண்டாம். சட்டம் ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. அதில் "சட்டவிரோதப் போதைப்பொருள் வணிகம்" ஒன்று. மத்தியச் சட்டப்படி பார்த்தால் ஓராண்டுக்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய போதைப்பொருள் குற்றமா என்பதுதான் உரைகல். இதில் மாட்டினால் கேன்சலேஷன் போச்சு, அசைலம் (புகலிடம்) போச்சு, பிற்காலத்தில் குடியுரிமையும் போச்சு.

நல்ல செய்தி, வெறுமனே வைத்திருந்தது பொதுவாக இதில் வராது. 2006-இல் லோபஸ் வழக்கு: தெற்கு டகோட்டாவில் கொக்கெய்ன் வைத்திருப்பதே ஃபெலனி, மத்தியச் சட்டத்தில் அது மிஸ்டிமீனர். மாநிலம் வைத்த பெயர் செல்லாது, மத்தியச் சட்டத்தின் அளவுகோல்தான் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 2010-இல் கராச்சூரி-ரோசெண்டோ வழக்கு: ஐந்து வயதிலிருந்து டெக்சாஸில் வாழ்ந்தவர், முதலில் கொஞ்சம் கஞ்சா, அடுத்த வருடம் சீட்டில்லாமல் ஒரே ஒரு மாத்திரை. இரண்டாம் முறை என்பதால் அக்ரவேட்டட் ஃபெலனி என்றது அரசு. முந்தைய தண்டனையை மாநில நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே சேர்க்காதபோது அப்படிச் சொல்ல முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

இந்த வழக்குகளில் வென்றவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் கவனியுங்கள். நாடுகடத்தும் காரணம் அப்படியே இருந்தது. நிவாரணம் கேட்கும் உரிமைதான் திரும்பக் கிடைத்தது.

8. "நாங்க விக்கலை. ஃப்ரெண்ட்ஸோட பகிர்ந்துக்கிட்டோம். ஆனா பேப்பர்ல 'விநியோகிக்கும் நோக்கம்'னு போட்டிருக்கு."

என்ன பொருள் என்பதைப் பொறுத்தது. கஞ்சா என்றால் 2013-இன் மான்கிரீஃப் வழக்கு இருக்கிறது. ஜமைக்காவிலிருந்து மூன்று வயதில் வந்தவர். ஜார்ஜியாவில் அவர் காரில் கிடைத்தது 1.3 கிராம். இரண்டு மூன்று சுருட்டுக்கு வரும். விநியோகிக்கும் நோக்கத்தோடு வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்து ஐந்து வருட ப்ரொபேஷன் கொடுத்தது. அதுவும் தண்டனையாகவே எண்ணப்பட்டது. ஏன் என்று 2-ஆம் பதில் சொல்லும். சிறிய அளவு கஞ்சாவைக் காசு வாங்காமல் பகிர்வது மத்தியச் சட்டத்தில் மிஸ்டிமீனர்தான்; ஜார்ஜியாவின் சட்டமோ பகிர்வதையும் விற்பதையும் ஒரே கூடையில் போடுகிறது. ஆகவே இந்தத் தண்டனை மட்டும் அவரை அக்ரவேட்டட் ஃபெலனி ஆக்காது என்று 7-2 என்ற கணக்கில் தீர்ப்பானது.

இந்த இரக்கம் கஞ்சாவுக்கு மட்டும். கொக்கெய்னையோ எக்ஸ்டஸி மாத்திரையையோ நண்பனுக்குச் சும்மா கொடுத்தாலும் மத்தியச் சட்டத்தில் அது விநியோகம்தான்.

9. "என்ன நடந்ததுன்னு ஜட்ஜ் கேட்கவே மாட்டேங்கறார். சட்டப் பிரிவையே பார்த்துட்டு இருக்கார். ஏன்?"

"காட்டகரிகல் அப்ரோச்" என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதுதான். குடிவரவு நீதிபதி பார்ப்பது நீங்கள் உண்மையில் செய்ததை இல்லை, தண்டிக்கப்பட்ட மாநிலச் சட்டப் பிரிவு எதையெல்லாம் தண்டிக்கிறது என்பதை. மாநிலப் பிரிவு வீச்சில் பெரிதாக இருந்து, மத்தியச் சட்டம் தண்டிக்காத ஒன்றையும் சேர்த்து அள்ளினால், இரண்டும் பொருந்தவில்லை. வலை பெரிது, மீன் எதுவென்று தெரியாது என்பதுபோல.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் உதாரணம் ஒரு காலுறை. மெலூலி என்ற துனீசியர் கான்சஸில் பிடிபட்டார். காலுறைக்குள் நாலு ஆரஞ்சு நிற மாத்திரை. போதைப்பொருள் சாதனம் வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டார். சாதனம் எது? அந்தக் காலுறைதான். எந்தப் பொருளை மறைக்க என்று தண்டனைப் பதிவு சொல்லவில்லை. கான்சஸின் பட்டியலில் மத்தியப் பட்டியலில் இல்லாத பொருட்கள் குறைந்தது ஒன்பது இருந்தன. 2015-இல் உச்ச நீதிமன்றம் நாடுகடத்தல் செல்லாது என்றது. ஆனால் அவரை 2012-இலேயே நாடு கடத்திவிட்டார்கள்.

இப்போது கொஞ்சம் சிடுக்கான இடம். மாநிலப் பிரிவு ஒவ்வொரு பொருளையும் தனித்தனிக் குற்றமாக வைத்திருந்தால் அதைப் பிரிக்கக்கூடிய சட்டம் என்பார்கள். அப்போது நீதிபதி குற்றப்பத்திரிகை, ப்ளீ (குற்றத்தை ஒப்புக்கொள்ளும்) ஒப்பந்தம், ப்ளீ விசாரணையின் எழுத்துப்பதிவு போன்ற சில காகிதங்களைத் திறந்து எந்தப் பொருள் என்று பார்க்கலாம். ஜூரி ஒருமனதாக முடிவு செய்ய வேண்டிய கூறு அது என்றால் பிரிக்கலாம், குற்றத்தைச் செய்யும் வெவ்வேறு வழிகள்தான் என்றால் பிரிக்க முடியாது. 2016-இன் மாத்திஸ் வழக்கு வகுத்த கோடு அது. ஒரே மாதிரிப் பிரிவுக்கு ஒரு சர்க்யூட்டில் (சில மாநிலங்களைச் சேர்த்துப் பார்க்கும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்ற வட்டாரம்) ஒரு பதிலும் இன்னொன்றில் வேறு பதிலும் வருவதால், அடுத்த ஊர்க்காரர் கேஸில் ஜெயித்தார் என்பது உங்களுக்கு ஆதாரமாகாது.

10. "என் பேப்பர்ல என்ன பொருள்னே எழுதலை. நல்லதா, கெட்டதா?"

இரண்டும். 5-ஆம் பதிலில் சொன்ன முதல் படியில் நல்லது, ஏனென்றால் நிரூபிக்க வேண்டியது அரசு. பதிவு மௌனமாக இருந்தால் அரசு தோற்கும். இரண்டாம் படியில் கெட்டது. 2021-இல் பெரெய்டா வழக்கில் (போதைப்பொருள் வழக்கு இல்லை, ஆள்மாறாட்டம்) உச்ச நீதிமன்றம் சொன்னது: நிவாரணம் கேட்பவர் தன் தண்டனை தகுதியைக் கெடுக்கவில்லை என்று தானே காட்ட வேண்டும், பதிவு தெளிவில்லாமல் இருந்தால் அவர் தோற்றார்.

க்ரீன் கார்டு இல்லாதவருக்கு இது பெரிய அடி. பதினைந்து வருடத்துக்கு முந்தைய கோப்பு, நீதிமன்றமே அழித்துவிட்டிருக்கும். அது இல்லாத குறையும் உங்கள் கணக்கில்தான் விழும். எனக்கு இந்தத் தீர்ப்பில் இன்றுவரை மனம் ஒப்பவில்லை.

11. "எனக்கு க்ரீன் கார்டே இல்லை. பிள்ளைங்க மூணு பேரும் இங்க பொறந்தவங்க. எனக்கு கேன்சலேஷன் உண்டா?"

உண்டு, ஆனால் வேறு வகை. பத்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், குடியுரிமையோ க்ரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி, பெற்றோர் அல்லது பிள்ளைக்கு அசாதாரணமான, மிகக் கடுமையான துன்பம் வரும் என்று காட்ட வேண்டும். வருடத்துக்கு 4,000 பேருக்குத்தான் அனுமதி. போதைப்பொருள் தண்டனை ஒன்று இருந்தாலே இந்தக் கதவு மூடிவிடும். 4-ஆம் பதிலின் 30 கிராம் கஞ்சாகூட இங்கே தப்புவதில்லை. அந்த மன்னிப்பையும் இதற்குப் பயன்படுத்த முடியாது என்று வாரியம் 2011-இல் தீர்த்துவிட்டது.

எச்-1பி, மாணவர் விசாவில் இருப்பவர்கள் முதல் வகையையும் கேட்க முடியாது, அது க்ரீன் கார்டுக்காரர்களுக்கு. குடியுரிமை உள்ள மனைவி வழியாக க்ரீன் கார்டு கேட்கலாமே என்றால், மறுபடியும் அதே 30 கிராம் மன்னிப்பைத் தவிர வேறு வழி இல்லை.

12. "நான் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து அசைலம் கேட்டனான். இடையில ஒரு கேஸ் வந்திட்டுது. இனி திருப்பி அனுப்பிப்போடுவினமோ?"

மூன்று அடுக்காகப் பாருங்கள். அசைலம்: அக்ரவேட்டட் ஃபெலனி என்றால் கேட்கவே முடியாது. வெறுமனே வைத்திருந்தது என்றால் சட்டம் நேரடியாகத் தடுப்பதில்லை. ஆனால் அதைப் பாரதூரமான குற்றம் என்று நீதிபதி கருதலாம், அல்லது தன் விருப்புரிமையில் மறுக்கலாம். இரண்டாவது "வித்ஹோல்டிங்", அதாவது ஆபத்துள்ள நாட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைப்பது: அக்ரவேட்டட் ஃபெலனிகளுக்கு மொத்தம் 5 வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டிருந்தால் இல்லை. அதைவிடக் குறைந்தாலும், போதைப்பொருள் வணிகக் குற்றம் பாரதூரமானது என்றே 2002 முதல் அனுமானிக்கிறார்கள். அந்த அனுமானத்தை உடைப்பது மிகக் கடினம்.

மூன்றாவது, சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் கீழ் கிடைக்கும் ஒத்திவைப்பு. இதற்கு எந்தக் குற்றமும் தடை இல்லை, கொலையே ஆனாலும். ஆனால் சித்திரவதை நடக்காமல் இருப்பதைவிட நடக்கவே வாய்ப்பு அதிகம் என்றும், அதில் அரசாங்கத்தின் கையோ கண்டும் காணாத சம்மதமோ இருக்கும் என்றும் நிரூபிக்க வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உங்களைப் பிடித்து வைத்திருந்த பதிவு, உடம்பிலுள்ள காயங்களுக்கு மருத்துவர் எழுதிய அறிக்கை, ஊரிலுள்ள உறவினரின் சத்தியக்கடதாசி எல்லாம் வேண்டும். கிடைத்தாலும் அது க்ரீன் கார்டு ஆகாது. இலங்கைக்கு அனுப்பாமல் இருப்பார்கள், அவ்வளவே. வேறொரு நாட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் தடை இல்லை.

13. "வக்கீல் வச்சு பழைய கேஸை எக்ஸ்பஞ்ச் பண்ணிட்டோம். ரெக்கார்டே கிடையாது. நிம்மதிதானே?"

இல்லை. இதைச் சொல்லும்போது எதிர்ப்பக்கம் சத்தமே இருக்காது. நல்ல நடத்தைக்காகவோ ப்ரொபேஷனை முடித்ததற்காகவோ மாநிலம் அழித்த தண்டனை, குடிவரவுச் சட்டத்தில் அப்படியே உயிரோடு இருக்கிறது. 1999-இல் ரோல்டன் வழக்கில் வாரியம் சொன்னது. ஒன்பதாம் சர்க்யூட்டில், அதாவது கலிஃபோர்னியா போன்ற மேற்கு மாநிலங்களில், 2011 ஜூலை 14-க்கு முன் முதல் முறையாகப் போதைப்பொருள் வைத்திருந்ததை ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டும், அழித்த தண்டனையைக் கணக்கில் எடுக்காத ஒரு பழைய சலுகை மிச்சம் இருக்கிறது.

செல்லுபடியாகும் ரத்து வேறு. அன்றைய வழக்கு நடைமுறையிலேயே ஒரு சட்டக் குறை இருந்தது என்று மாநில நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தால் அது நிற்கும். 2003-இன் பிக்கரிங் தீர்ப்பு தரும் விதி. நாடுகடத்தலைத் தவிர்ப்பதற்காக என்று காரணம் எழுதினால் நிற்காது. கலிஃபோர்னியாவில் குடிவரவு விளைவு புரியாமல் ஒப்புக்கொண்டவர்களுக்கு 2017 முதல் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. ரத்து உத்தரவில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பதை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

ஆளுநர் மன்னிப்பும் போதைப்பொருள் பிரிவை அழிப்பதில்லை. வேறு பல குற்றங்களுக்கு அழிக்கும், இதற்கு இல்லை. 2022 அக்டோபரில் அதிபர் பைடன் அறிவித்த கஞ்சா மன்னிப்பு மத்தியச் சட்டத்துக்கும் வாஷிங்டன் டி.சி.க்கும் உரியது, மாநில வழக்குகளை அது தொடவில்லை.

14. "ஒண்ணும் ஆகாது, கையெழுத்துப் போடுங்கன்னு அந்த வக்கீல்தான் சொன்னார்."

எப்போது சொன்னார்? 2010 மார்ச் 31 அன்று பாடிய்யா வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடுகடத்தல் விளைவு தெளிவாக இருக்கும்போது அதைக் கட்சிக்காரரிடம் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்றது. அந்த வழக்குக்காரர் நாற்பது வருடத்துக்கும் மேல் க்ரீன் கார்டில் இருந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகப் போரிட்டவர், லாரியில் கஞ்சா. இவ்வளவு வருடமாக இருப்பதால் கவலை வேண்டாம் என்று அவர் வழக்கறிஞரும் சொல்லியிருந்தார். அந்தத் தேதிக்கு முன்பே முடிந்துபோன வழக்குகளுக்கு இது பொருந்தாது என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் வழக்கறிஞர் சொல்லாமல் விடவில்லை, தவறாகவே சொன்னார் என்றால் அந்தத் தேதிக்கு முன்னும் சில இடங்களில் வழி இருக்கிறது.

தவறான ஆலோசனை மட்டும் போதாது, சரியாகச் சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன் என்றும் காட்ட வேண்டும். 2017-இல் லீ வழக்கில், ஜெயிக்க வாய்ப்பே குறைவு என்றாலும் நாடுகடத்தலுக்குப் பயந்து விசாரணையையே தேர்ந்தெடுத்திருப்பார் என்பதை நீதிமன்றம் ஏற்றது. அன்றைக்கே எழுதப்பட்ட மின்னஞ்சல், பேச்சின் பதிவு இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

15. "அப்பாவோட கேஸ் 1994-ல. அவ்ளோ பழசுக்கும் பயப்படணுமா?"

நாடுகடத்தலுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் பழையது என்பதாலேயே ஒரு வழி திறக்கும். 1996 சட்டங்கள் வருவதற்கு முன் குற்றத்தை ஒப்புக்கொண்ட க்ரீன் கார்டுக்காரர்கள் "212(சி)" என்ற பழைய நிவாரணத்தை இன்னும் கேட்கலாம் என்று 2001-இல் செயின்ட் சீர் வழக்கில் தீர்ந்தது. அந்த வழக்கே கனெக்டிகட்டில் போதைப்பொருள் விற்ற வழக்குதான். ஏழு வருட வசிப்பு வேண்டும். அக்ரவேட்டட் ஃபெலனி என்றாலும் பலருக்கு இது கிடைக்கிறது.

16. "பையனுக்கு அப்ப பதினாறு வயசு."

சிறார் நீதிமன்றத்தில் முடிந்திருந்தால் அது தண்டனை ஆகாது. பெரியவர்கள் நீதிமன்றத்துக்கு மாற்றி அங்கே தண்டித்திருந்தால் ஆகும். ஆனால் சிறார் வழக்கு என்றாலும், விற்பனையில் ஈடுபட்டார் என்று "நம்பக் காரணம்" இருந்தாலே நுழைவை மறுக்கும் பிரிவு ஒன்று உண்டு. அதற்குத் தண்டனை தேவையில்லை.

17. "வெள்ளிக்கிழமை ப்ளீ டேட். என்ன கேட்கணும்னு சொல்லுங்க."

முதலில் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கச் சொல்லுங்கள். குற்றவியல் வழக்கறிஞர் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசியாக வேண்டும். பல ஊர்களில் அரசு தரும் இலவச வழக்கறிஞர் அலுவலகத்திலேயே அதற்கு ஆள் இருப்பார்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாமல் சேரும் டைவர்ஷன் உண்டா? அத்துமீறி நுழைந்தது, பொது அமைதியைக் கெடுத்தது போன்று போதைப்பொருளே இல்லாத பிரிவுக்கு மாற்ற முடியுமா, கொஞ்சம் அதிகத் தண்டனை வாங்கிக்கொண்டாவது? விற்பனை என்பதை வைத்திருந்தது என்று குறைக்க முடியுமா?

இன்னொன்று, பலரும் கோட்டைவிடுவது. ஒப்புக்கொள்ளும்போது "போலீஸ் அறிக்கையில் உள்ளதே உண்மை" என்று ஏற்றுக்கொள்ளச் சொல்வார்கள். பொதுவாகக் குடிவரவு நீதிபதி 9-ஆம் பதிலின் ஆய்வில் போலீஸ் அறிக்கையைப் பார்க்க முடியாது. நீங்களே அதை ஏற்றுக்கொண்டால் பார்க்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை வழக்கறிஞரோடு உட்கார்ந்து வேறு மாதிரி எழுத வையுங்கள்.

18. "அம்மா ஊர்ல சீரியஸ். க்ரீன் கார்டு இருக்கு, கேஸ் முடிஞ்சு ஒன்பது வருஷம் ஆச்சு, யாரும் எதுவும் கேட்கலை. போயிட்டு வந்துடலாமா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் போனில் என் குரல் தடுமாறும். யாரும் கேட்காததற்குக் காரணம், நீங்கள் இதுவரை எந்த வாசலிலும் நிற்காததுதான். போதைப்பொருள் தண்டனை உள்ள க்ரீன் கார்டுக்காரர் வெளிநாடு போய்த் திரும்பினால், புதிதாக உள்ளே வருபவராக நடத்தப்படுவார். அப்போது 4-ஆம் பதிலின் விதிவிலக்கு இல்லாத அந்த மற்றப் பிரிவு பொருந்தும். விமான நிலையத்தில் கைரேகை வைத்ததும் பழைய கைது திரையில் வரும். கார்டை வாங்கிவைத்துக்கொண்டு விசாரணைக்கு வரச் சொல்லலாம், அங்கேயே காவலிலும் வைக்கலாம். கார்டைப் புதுப்பிக்கும்போதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் இதே கைரேகைதான்.

கேன்சலேஷனுக்குத் தகுதி இருப்பவர் என்றால், துணிந்து போய்விட்டு வந்து அதைக் கேட்பவர்களும் உண்டு. அது தெரிந்தெடுத்த முடிவாக இருக்க வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன் நீதிமன்ற எழுத்தரிடம் போய்ச் சான்றளித்த தீர்ப்பு நகலும் குற்றப்பத்திரிகையும் வாங்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் அன்றைக்கே தருவார்கள். அதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டி, குற்றம் நடந்த தேதியிலிருந்து 6-ஆம் பதிலின் ஏழு வருடக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். அதுவரை அம்மாவோடு வீடியோவில் பேசுங்கள், தம்பி.